போர்களும் படைத்தலைமையும்: சென்னைப் படையின் வரலாறு திருச்சபைக்குக் கற்பிப்பவை

முன்னுரை

சென்னை மாநகரின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் ஆயர் பணி ஆற்றுவோர், படைத்துறையை ஒதுக்கிவிட்டுத் தம் சபைகளைப் பற்றிப் பேச இயலாது. பூவிருந்தவல்லி கும்பினியார் காலத்தில் ஐரோப்பியப் படைவீரரின் பாளையமாக விளங்கிய ஊர். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திறங்கியோரும், நோயுற்று ஓய்வு தேவைப்பட்டோரும் அங்கேதான் தங்கவைக்கப்பட்டனர். ஆவடியோ இரண்டாம் உலகப்போரின் காலத்தில் பெரியதொரு படைத்தளமாக வளர்ந்தது. இன்று டாங்கிகள் செய்யும் கனரக ஊர்தித் தொழிற்சாலை, படைவீரரின் உடுப்புகளைத் தைக்கும் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம், விமானப்படை நிலையம், மத்திய சேமக் காவல் படையின் முகாம் ஆகிய அனைத்தும் அங்கு உள்ளன. சற்றுத் தெற்கே பரங்கிமலையில் படை அதிகாரிகளின் பயிற்சிக்கழகம் இருக்கிறது.

ஆகவே ஞாயிறு ஆராதனையில் நம்முன் அமர்ந்திருப்போரில் ஓய்வுபெற்ற அவில்தார் ஒருவர் இருப்பார். எல்லைப்புறத்தில் பணிபுரியும் மகனுக்காக மன்றாடும் தாய் ஒருவர் இருப்பார். டாங்கியின் இரும்புத் தகட்டைப் பற்றவைத்த கையால் திருவிருந்தின் அப்பத்தைப் பெற்றுக்கொள்பவரும் இருப்பார். போர் பாவமா என்று இவர்கள் கேட்டால், அகுஸ்தீன் காலந்தொட்டு வழங்கிவரும் நீதியான போரின் இலக்கணங்களைச் சொல்லி விடைகொடுத்துவிடுகிறோம். ஆனால் வேறொரு கேள்வியை நாம் அரிதாகவே கேட்கிறோம். போர் அதனை நடத்தும் மக்களை என்ன செய்கிறது? படையின் பழக்கவழக்கங்களையும் மனப்பான்மையையும் அது எவ்வாறு மாற்றுகிறது? எத்தகைய தலைவரை அது வேண்டி நிற்கிறது? நம் மண்ணிலேயே தோன்றிய சென்னைப் படையின் வரலாற்றைக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அது படைவீரரிடையே பணிபுரிவதற்கு மட்டுமன்றி, திருச்சபையின் தலைமைத்துவத்தைப் பற்றிச் சிந்திப்பதற்கும் உதவும் என்று நம்புகிறேன்.

1. தொடக்கமும் முதல் அதிர்ச்சியும்

பிரெஞ்சுக்காரருடன் நடந்த கருநாடகப் போர்களே சென்னைப் படையைப் பெற்றெடுத்தன. அதுவரை கும்பினியார் தம் பண்டகசாலைகளைக் காக்கும் காவலரையே வைத்திருந்தனர். ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்னும் தளபதியின் கீழ் 1758-ஆம் ஆண்டில் அச்சிப்பாய்கள் ஒழுங்கான படைப்பிரிவுகளாக அமைக்கப்பட்டனர். அத்தொடக்க காலத்தில் நம்மவர் தலைவராகவும் இருந்தனர். மருதநாயகம் என்று மக்கள் வழங்கும் யூசுப்கான் கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக உயர்ந்தார். பின்னர் அவர் கும்பினியாருக்கும் நவாபுக்கும் எதிராக நின்று, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் படிப்படியாக உள்நாட்டுத் தலைவரின் அதிகாரம் குறைக்கப்பட்டது. 1796-இல் செய்யப்பட்ட சீரமைப்பில் ஒவ்வொரு படைப்பிரிவிலும் ஐரோப்பிய அதிகாரிகளின் எண்ணிக்கை பெருகியது. சுபேதார்களும் சமேதார்களும் பெயரளவில் அதிகாரிகளாக இருந்தனரேயன்றி, அவர்கள் சொல்லுக்கு மதிப்பு குன்றியது. இக்குறையின் விளைவை வேலூரில் காண்போம்.

இதற்கிடையில் மைசூரின் ஐதர் அலியிடமிருந்து கும்பினியார் ஒரு கசப்பான பாடத்தைக் கற்றனர். காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் கர்னல் பெய்லியின் படை முறியடிக்கப்பட்டது. பெரும்படையுடன் சில மைல் தொலைவில் காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ உரிய நேரத்தில் துணைக்குச் செல்லவில்லை. தோல்விச் செய்தி வந்ததும் கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். ஐதரின் குதிரைப்படை சென்னையின் சுற்றுப்புறங்களைச் சூறையாடிக்கொண்டிருந்த அதே செப்டம்பர் மாதத்தின் இறுதியில்தான், பாதையமைக்கவும் பாலம் கட்டவும் அகழி தோண்டவும் பயின்ற ‘பயனியர்’ பிரிவுகள் இரண்டு சென்னையில் திரட்டப்பட்டன. பிற்காலத்தில் புகழ்பெற்ற மதராஸ் சாப்பர்ஸ் பிரிவின் பிறப்பு அதுவே. வாளேந்தியவனுக்கு மட்டுமே மதிப்பளித்த படையில் மண்வெட்டி ஏந்தியவனுக்கும் இடம் உண்டாயிற்று.

இக்காலத்தில் நம் அருட்பணி வரலாற்றைச் சேர்ந்த ஒருவரை நினைவுகூர்வது தகும். திருச்சிராப்பள்ளியில் கோட்டைப் படைவீரருக்கும் குருவாகப் பணிபுரிந்த சுவார்ட்ஸ் ஐயர், 1779-இல் சென்னை ஆளுநரின் வேண்டுகோளின்பேரில் ஐதர் அலியிடம் சமாதானத் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்றார். அத்தூது வெற்றிபெறவில்லை, மறு ஆண்டே போர் மூண்டது. எனினும் ஐதர் வழிச்செலவுக்கென்று அளித்த பணத்தையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது தஞ்சையில் ஏழைப்பிள்ளைகளின் பள்ளிக்கு ஒதுக்கினார். போரினால் பஞ்சம் வந்தபோது, தாம் வாங்கி வைத்திருந்த அரிசியைக் கொண்டு பசித்தோரை ஊட்டினார். அந்தப் பாதிரியாரைத் தடுக்கலாகாது என்று ஐதர் தம் படைத்தலைவருக்கு ஆணையிட்டிருந்தார் என்பர். தளபதிகள் இழந்துபோன நம்பிக்கையை, ஆயுதம் ஏந்தாத ஒருவர் இருதரப்பிலும் பெற்றிருந்தார் என்பது நம் சிந்தனைக்குரியது.

2. வேலூர்: கேளாத செவிகளின் விலை

தென்னகத்தில் பெரும்போர்கள் ஓய்ந்தபின், படையைச் சீராக்கும் ஆர்வம் மேலதிகாரிகளைப் பற்றிக்கொண்டது. சென்னைப் படையின் தலைமைத் தளபதியாயிருந்த சர் ஜான் கிரடோக்கின் காலத்தில் புதுவகைத் தலைப்பாகை ஒன்று புகுத்தப்பட்டது. அதில் தோற்பட்டையும் இருந்தது. பார்வைக்கு ஐரோப்பியரின் தொப்பியை ஒத்திருந்தது. அணிவகுப்பில் நெற்றிக்குறியும் காதணியும் கூடாது, தாடி மீசைக்கு வரையறை உண்டு என்ற விதிகளும் வந்தன. 1806 மே மாதத்தில் வேலூரில் அதனை மறுத்த சிப்பாய்கள் தண்டிக்கப்பட்டனர். சூன் மாதத்தில் முஸ்தபா பெக் என்ற சிப்பாய், சதி உருவாகி வருவதைத் தம் ஆங்கில அதிகாரியிடம் அறிவித்தார். அவ்வதிகாரியோ உள்நாட்டு அதிகாரிகளை விசாரிக்கச் சொன்னார். சதியில் பங்குகொண்டிருந்த அவர்களோ, இவன் பித்தன் என்று சொல்லி அவரைக் காவலில் வைத்தனர். சூலை 10-ஆம் நாள் விடியுமுன் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்துவந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை கோட்டையை மீட்டபோது, நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொன்று குவிக்கப்பட்டனர். ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடோக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். தலைப்பாகை ஆணையும் கைவிடப்பட்டது.

கோட்டையிலிருந்த திப்புவின் மக்களும், ஊதியக் குறைகளும், வேறு பல காரணங்களும் இக்கிளர்ச்சிக்குப் பின்னணியாக இருந்தன. ஆயினும் தலைமையைப் பொறுத்தமட்டில் இதன் பாடம் தெளிவானது. ஐம்பதாண்டுகளாக நிகழ்ந்த போர்களில் ஒரே கூடாரத்தையும் ஒரே பசியையும் பகிர்ந்துகொண்ட அதிகாரியும் சிப்பாயும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். அமைதிக்காலத்தில் அவ்வறிமுகம் தேய்ந்தது. அதிகாரிக்குச் சிப்பாயின் மொழியும் உள்ளமும் எட்டாமற்போயின. ஒழுங்கு என்பது உடுப்பில் வந்து நின்றது. செய்தியைக் கொண்டுவந்தவனைப் பித்தன் என்று கூறும் நிலைக்குத் தலைமை தாழ்ந்தது.

வேலூரின் எதிரொலி அருட்பணியையும் தாக்கியது. சிப்பாய்களைக் கிறிஸ்தவராக்கச் சூழ்ச்சி நடக்கிறது என்ற அச்சமே கிளர்ச்சிக்குக் காரணம். ஆகையால் மிஷனரிமாரை இந்தியாவிலிருந்து விலக்கவேண்டும் என்று 1807 முதல் இங்கிலாந்தில் தாமஸ் துவைனிங் முதலியோர் துண்டுநூல்கள் எழுதினர். பாப்திஸ்து சங்கத்தின் ஆண்ட்ரூ புல்லர் அவற்றை மறுத்தெழுதினார். உண்மையில் சிப்பாய்களை அஞ்சவைத்தது போதகரின் பிரசங்கமன்று, படை அலுவலகத்தின் ஆணை. இவ்வாதம் தணிந்து, 1813-ஆம் ஆண்டின் பட்டயச் சட்டத்தினால்தான் அருட்பணிக்குக் கதவு திறந்தது. அதிகாரத்தின் நிழலில் நின்று நற்செய்தி அறிவிக்கப்படும்போது, அதிகாரத்தின் குற்றங்களும் நற்செய்தியின் கணக்கில் எழுதப்படும் என்பதை வேலூர் நமக்கு உணர்த்துகிறது.

3. ‘போர்க்குலம்’ என்னும் பொய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னைப் படையில் பலதரப்பட்ட மக்கள் சேர்ந்திருந்தனர். தெலுங்கர், தமிழர், முகமதியர் ஆகியோருடன் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் கிறிஸ்தவரும் அதில் இருந்தனர். சிப்பாயின் குடும்பமும் படைப்பிரிவுடன் சேர்ந்தே இடம்பெயர்ந்தது. நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டிருந்த ஒருவனுக்கு, மாதச்சம்பளமும், ஓய்வூதியமும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் கிடைக்கும் மிகச்சில வழிகளில் படை ஒன்றாகும்.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் சென்னைப் படை பெரும்பாலும் அசையாதிருந்தது. ஆயினும் அதற்குப்பின் வந்த நீண்ட அமைதியே அதற்குக் கேடாய் முடிந்தது. முன்னேற விரும்பிய அதிகாரிகள் போர்வாய்ப்புள்ள வடமேற்கு எல்லையை நாடினர். தென்னகப் படைப்பிரிவுகள் பயிற்சியும் ஊக்கமுமின்றி விடப்பட்டன. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பின்னர் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்த பிரெடெரிக் இராபர்ட்ஸ், நீண்டகால அமைதியினால் தென்னாட்டார் போர்க்குணத்தை இழந்துவிட்டனர் என்று முடிவுசெய்தார். நாளடைவில் இம்முடிவு, சில குலத்தார் பிறவியிலேயே வீரர், ஏனையோர் அல்லர் என்ற கொள்கையாக இறுகியது.

இவ்வாதத்தின் முரண்பாட்டைக் கவனிக்கவேண்டும். அமைதியினால் இழந்தது பயிற்சியினால் திரும்பக் கிடைக்கக்கூடியதே. காலத்தின் விளைவைப் பிறப்பின் இயல்பு என்று கூறியதே இக்கொள்கையின் அடிப்படைத் தவறு. தலைமையின் புறக்கணிப்பால் நேர்ந்த குறை, புறக்கணிக்கப்பட்டவனின் இரத்தத்தின்மேல் சுமத்தப்பட்டது. இதற்கு மறுப்பு கண்ணெதிரிலேயே இருந்தது. அதே ஊர்களிலிருந்து, அதே சாதிகளிலிருந்து ஆள்சேர்த்த மதராஸ் சாப்பர்ஸ் பிரிவை இராபர்ட்ஸ் உட்பட அனைவரும் பாராட்டினர். நல்ல பயிற்சியும், செய்வதற்குப் பொருளுள்ள வேலையும், தம்மை மதிக்கும் அதிகாரிகளும் அவர்களுக்குக் கிடைத்தமையே வேறுபாட்டின் காரணம்.

கண்ணெதிரே சான்று இருந்தும் கொள்கை மாறவில்லை. முதல் உலகப்போருக்குப்பின் சிக்கனத்தின் பெயரால் மதராஸ் காலாட்படையின் பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டு, 1928-க்குள் அனைத்தும் மறைந்தன. பயனியர் பிரிவும் 1933-இல் கலைக்கப்பட்டது. மேற்கிந்தியாவில் மகர் வகுப்பினருக்கு 1892-இலேயே இவ்வாறு கதவடைக்கப்பட்டது. அம்பேத்கரின் தந்தை இராம்ஜி படைப்பள்ளியில் ஆசிரியராயிருந்த சுபேதார் என்பது நாம் அறிந்ததே. படை திறந்துவைத்த கல்வியின் வழியை அடுத்த தலைமுறைக்கு அடைத்தது எத்தகைய அநீதி என்பதை அக்குடும்பத்தின் வரலாறே எடுத்துக்காட்டும்.

4. இரண்டாம் உலகப்போர்: தோல்வியை ஒப்புக்கொண்ட தலைமை

1939-இல் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரைக் கொண்டிருந்த இந்தியப் படை, 1945-இல் இருபத்தைந்து இலட்சத்தைத் தாண்டியது. அத்தனை பேரை ஒருசில ‘போர்க்குலங்களிலிருந்து’ மட்டும் திரட்ட முடியாது. எனவே தத்துவத்தினால் அன்று, தேவையினால் பொய் உடைந்தது. 1941-இல் மதராஸ் படைப்பிரிவு மீண்டும் உருவாயிற்று. அதே ஆண்டில் மகர் படைப்பிரிவும் தோன்றியது. 1939-இல் சில நூறு பேராக இருந்த இந்திய அதிகாரிகள் போர் முடிவதற்குள் பல ஆயிரமாயினர். மறுபுறம், மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் கூலிகளாயிருந்த தமிழர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். சென்னையில் மருத்துவம் பயின்ற இலட்சுமி சுவாமிநாதன் 1943-இல் அமைந்த ஜான்சி ராணிப் பெண்கள் படையின் தலைவியானார். ஒன்றையொன்று எதிர்த்து நின்ற இரு படைகளும், பிறப்பால் வீரம் அமையாது என்பதில் ஒரே சான்றைப் பகர்ந்தன.

இப்போரில் தலைமையின் இலக்கணமே மாறியது. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வில்லியம் சிலிம் ஆவார். அவர் சிறுவணிகர் ஒருவரின் மகன். இளமையில் ஏழைப்பிள்ளைகளின் தொடக்கப்பள்ளியில் ஆசிரியராயிருந்தவர். 1942 மார்ச்சில் பர்மாப் படையின் பொறுப்பை ஏற்ற அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஏறத்தாழ 900 மைல் பின்வாங்கும் பணியே. இரங்கூன் வீழ்ந்தது, சிங்கப்பூர் முன்பே வீழ்ந்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஜப்பானியர் வருவர் என்ற அச்சத்தால் சென்னை நகரமே பாதி காலியானது. சிலிம் இத்தோல்விக்கு விதியையோ வீரரின் கோழைத்தனத்தையோ காரணமாகக் கூறவில்லை. நாம் பயிற்சியில் குறைந்திருந்தோம், காட்டைக் கண்டு அஞ்சினோம், நான் தளபதியாகத் தவறினேன் என்று ஒப்புக்கொண்டார். 1956-இல் அவர் வெளியிட்ட நினைவுநூலிலும் தம் தவறுகளை மறைக்கவில்லை.

1943 அக்டோபரில் பதினான்காம் படையின் தலைவரானபோது அவர் மூன்று பகைவரைக் கண்டார்: நோய், உணவுப்பொருள் பற்றாக்குறை, மனத்தளர்ச்சி. காயத்தால் வெளியேற்றப்பட்டோர் ஒருவருக்கு நோயால் வெளியேற்றப்பட்டோர் 120 பேர் என்ற அளவில் மலேரியா முதலியவை படையை அழித்தன. தடுப்பு மாத்திரையை வீரர் அனைவரும் விழுங்குவதை உறுதிசெய்யாத படைப்பிரிவுத் தலைவர் மூவரை அவர் பதவிநீக்கம் செய்தார். அதன்பின் ஏனையோருக்குப் பொருள் விளங்கிற்று. பாராசூட்டுக்குப் பட்டு கிடைக்காதபோது சணலால் செய்வித்தார். முன்னணியிலுள்ள படைகளுக்கு அரைவயிற்று உணவு என்றால், தம் தலைமை அலுவலகத்துக்கும் அதே அரைவயிற்று உணவை விதித்தார். வீரரிடம் அவர்கள் மொழியில் பேசினார். கூர்க்கா வீரரிடம் கூர்க்காலியிலும், ஏனைய இந்தியரிடம் உருதுவிலும் உரையாடினார். மனவுறுதிக்கு ஆன்மிகம், அறிவு, பொருள் என மூன்று அடித்தளங்கள் வேண்டும் என்பதும், அவற்றுள் ஆன்மிகமே முதலாவது என்பதும் அவர் கொள்கை. இங்கே ஆன்மிகம் என்பது வழிபாடு மட்டுமன்று; உயிரைக் கொடுக்கத்தக்க பெரிய நோக்கம் ஒன்றுண்டு என்னும் நம்பிக்கை. 1944-இல் இம்பாலிலும் கோகிமாவிலும் போக்கு மாறியது. 1945 மே மாதத்தில் இரங்கூன் மீட்கப்பட்டது.

5. விடுதலைக்குப்பின்: 1962-உம் 1971-உம்

1949 சனவரி 15-ஆம் நாள் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். ஆயினும் அமைதிக்காலத்தின் பழைய நோய் மீண்டும் தலைகாட்டியது. தளபதி திம்மையா 1959-இல் பதவிவிலகக் கடிதம் கொடுத்துப் பின் திரும்பப்பெற்ற நிகழ்ச்சி, அரசுக்கும் படைத்தலைமைக்குமிடையே நம்பிக்கை குன்றியதைக் காட்டியது. உண்மையைச் சொல்வோரைவிட விரும்பியதைச் சொல்வோருக்கு இடம் கிடைத்தது. 1962 அக்டோபர் 20-ஆம் நாள் சீனப்படை தாக்கியபோது, நாம்கா சூ ஆற்றங்கரையில் குளிருடுப்பும் போதிய குண்டுகளும் இன்றி நிறுத்தப்பட்டிருந்த படையணி சிதறியது. அதன் தலைவர் பிரிகேடியர் ஜான் தால்வி சிறைப்பட்டார். சாதாரண வீரர் பலர் கடைசிவரை நின்று போரிட்டனர். குறை மேலிடத்தில் இருந்தது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனும் தலைமைத் தளபதி தாப்பரும் பதவி விலகினர்.

இத்தோல்வி நம் சென்னையின் முகத்தையும் மாற்றியது. விரைவில் அதிகாரிகளை உருவாக்கும் தேவை எழுந்தமையால், 1963 சனவரியில் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப்பள்ளி தொடங்கப்பட்டது. படையின் அளவை 8,25,000 பேருக்கு உயர்த்தவும், பத்து மலைப்படை டிவிஷன்களை அமைக்கவும் திட்டமிடப்பட்டது. கல்லூரியிலிருந்து நேராக வந்த நடுத்தரக் குடும்பத்து இளைஞர்கள் அதிகாரிகளாயினர். 1955 சனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோசலிசப் பாணிச் சமுதாயமே நம் குறிக்கோள் என்று தீர்மானித்த ஆவடியிலேயே, 1965 இறுதியில் முதலாவது விஜயந்தா டாங்கி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. ஏர்முனையையும் ஈட்டிமுனையையும் ஒரே ஊர் ஒரே பத்தாண்டில் பேசவேண்டியதாயிற்று.

1962-இன் பாடத்தை நன்கு கற்றவர் மானெக்சா. வீழ்ந்துபோன நான்காம் கோரின் பொறுப்பை ஏற்றதும், எழுத்து மூலமான ஆணையின்றிப் பின்வாங்குதல் இல்லை, அத்தகைய ஆணை ஒருபோதும் வராது என்று அறிவித்துத் தளர்ந்த உள்ளங்களை நிமிர்த்தினார். 1971 ஏப்ரலில் கிழக்கு வங்காளத்துக்குள் உடனே படையெடுக்கவேண்டும் என்ற கருத்து எழுந்தபோது, படை ஆயத்தமாக இல்லை, மழைக்காலம் நெருங்குகிறது, இப்போது சென்றால் தோல்வி உறுதி என்று பிரதமரிடம் நேரில் கூறினார். பிரதமரும் அதற்குச் செவிசாய்த்தார். டிசம்பரில் பதின்மூன்று நாட்களில் போர் முடிந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சரணடைந்தனர். வெற்றியின் வேர் டிசம்பர் மாதத்துத் துணிவில் இருந்ததைவிட, ஏப்ரல் மாதத்து உண்மையில் ஆழமாக இருந்தது எனலாம்.

6. வெற்றியும் தோல்வியும் எட்டாத போர்

1987 முதல் 1990 வரை இலங்கையில் பணிபுரிந்த இந்திய அமைதிப்படையின் வரலாறு தமிழராகிய நமக்கு ஆறாத புண். அங்கே போர்முனை என்று ஒன்று இல்லை. பகைவரையும் ஊராரையும் பிரித்தறியும் உடுப்பும் இல்லை. பரங்கிமலையில் பயிற்சிபெற்று 1972-இல் அதிகாரியான மேஜர் இராமசாமி பரமேசுவரன், மகர் படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25-ஆம் நாள் தம் வீரரைக் காத்துப் போரிட்டு உயிர்நீத்தார். பரம்வீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், அக்டோபர் 21-ஆம் நாள், யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நுழைந்தபோது நோயாளரும் மருத்துவரும் தாதியரும் கொல்லப்பட்டனர். இவ்விரண்டும் ஒரே படையின், ஒரே பருவத்தின் நிகழ்ச்சிகள். ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பது வரலாறும் ஆகாது, சாட்சியும் ஆகாது.

இத்தகைய போரில், பெருந்தளபதியின் திட்டத்தைவிட, பத்துப்பேருடன் தெருமுனையில் நிற்கும் இளம் அதிகாரியின் மனச்சான்றே முடிவை நிர்ணயிக்கிறது. சுடு என்று சொல்லும் துணிவைவிட, சுடாதே என்று சொல்லும் துணிவு அரிதாகிறது. படைக்கலங்கள் மாறலாம், 1992 முதல் பரங்கிமலையில் பெண்களும் அதிகாரிகளாகப் பயிற்சி பெறுகின்றனர், 2021-இல் ஆவடித் தொழிற்சாலை அரசு நிறுவனம் ஒன்றின் கீழ் மாற்றியமைக்கப்பட்டது. ஆனால் இத்துணிவைப் பயிற்றுவிக்கும் பொறி இன்னும் செய்யப்படவில்லை.

7. இறையியல் சிந்தனைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான்கு கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவது, தலைமை தோல்வியை எதிர்கொள்ளும் விதத்திலேயே ஒரு சமுதாயத்தின் பண்பாடு மாறுகிறது. வேலூரில் எச்சரித்தவன் பித்தன் எனப்பட்டான். பர்மாவில் தளபதியே தன்னைக் குற்றப்படுத்திக்கொண்டார். நாத்தானின் சொல்லுக்கு முன் தாவீது பணிந்ததும், மிகாயாவைச் சிறையிலிட்டு ஆகாப் மடிந்ததும் (1 இராஜாக்கள் 22) இவ்விரு வழிகளே. நம் திருமண்டலங்களில் குறைகளை எடுத்துரைப்போர் எவ்வழியில் நடத்தப்படுகின்றனர் என்று நாம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது, பிறப்பால் தலைமை அமையும் என்பது மறைநூலுக்கும் வரலாற்றுக்கும் மாறானது. ‘போர்க்குலம்’ என்ற சொல்லை இன்று நாம் நகைக்கிறோம். ஆனால் இன்ன சாதியாரே ஆயராக வரவேண்டும், இன்ன குடும்பத்தாரே சபைப்பொறுப்பில் அமரவேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே மறைந்துவிட்டதா? வாய்ப்பை மறுத்துவிட்டு, அவர்களுக்குத் தகுதியில்லை என்று கூறுவது இராபர்ட்ஸின் தவறேயன்றி வேறன்று. அவரேனும் ஒரு பேரரசின் ஊழியர். நாமோ ஈசாயின் கடைக்குட்டியை ஆட்டுமந்தையிலிருந்து அழைத்துவந்த ஆண்டவரின் ஊழியர்.

மூன்றாவது, பகிர்ந்துகொள்ளாத தலைமை நிலைக்காது. பெத்லகேம் கிணற்றுத் தண்ணீருக்காகத் தாவீது ஏங்கியபோது மூவர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்தனர். அது அவர்கள் இரத்தத்துக்கு ஒப்பானது என்று கருதி அவர் அதைக் குடியாமல் ஆண்டவருக்கென்று ஊற்றினார் (2 சாமுவேல் 23:15-17). சிலிம் அரைவயிற்று உணவுண்டதும் இத்தன்மையதே. அதே தாவீது, அரசர் போருக்குச் செல்லும் காலத்தில் தாம் மட்டும் எருசலேமில் தங்கியபோதுதான் வீழ்ந்தார் என்பதையும் மறவாதிருப்போமாக (2 சாமுவேல் 11:1).

நான்காவது, இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. திருச்சபை படையன்று, ஆயர் தளபதியல்லர். பவுலடியார் போர்ச்சேவகனின் உருவகத்தைக் கையாண்டது பாடனுபவிக்கும் பொறுமைக்காகவேயன்றி, ஆணையிடும் அதிகாரத்துக்காக அன்று. புறவினத்தாரின் தலைவர்கள் ஆளுகை செய்வதுபோல் உங்களுக்குள் இருக்கலாகாது என்று ஆண்டவர் தடுத்திருக்கிறார் (மாற்கு 10:42-45). போர் நல்ல தலைவரை உருவாக்குகிறது என்று சொல்லிப் போரைப் புகழ்வாரும் உளர். போர் தலைவரை உருவாக்குவதில்லை. அமைதிக்காலத்தில் நாம் வளர்த்த பொய்களை அது இரக்கமின்றி வெளிப்படுத்துகிறது. அதற்குரிய விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் அப்பொய்களைச் சொன்னவர் அல்லர்.

முடிவுரை

இறுதியாக, ஆயர் பணிக்குரிய ஒரு சொல். இஸ்ரவேலில் போருக்குப் புறப்படுமுன், புதுவீடு கட்டியவனையும், திராட்சத்தோட்டம் நாட்டியவனையும், பெண்ணை நியமித்துக்கொண்டவனையும், அஞ்சியவனையும் வீட்டுக்கு அனுப்பும்படி நியாயப்பிரமாணம் கூறிற்று (உபாகமம் 20:5-8). போரிலிருந்து திரும்பியவன் ஏழுநாள் பாளயத்துக்குப் புறம்பே தங்கித் தன்னைச் சுத்திகரித்துக்கொண்ட பின்னரே உள்ளே வந்தான் (எண்ணாகமம் 31:19-24). வென்று வந்தவனுக்கும் சுத்திகரிப்புத் தேவை என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். நம் சபைகளிலோ படைவீரர் விடுமுறையில் வந்தால் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். ஓய்வுபெற்றால் காணிக்கைப் பொறுப்பைக் கொடுக்கிறோம். அவர் இரவில் உறங்குகிறாரா என்று கேட்பதில்லை. மனைவி தனியே பிள்ளைகளை வளர்த்த ஆண்டுகளைப் பற்றியும் கேட்பதில்லை.

தாவீது மிகுதியான இரத்தத்தைச் சிந்தியதால் ஆலயத்தைக் கட்டலாகாது என்று ஆண்டவர் தடுத்தார் (1 நாளாகமம் 22:8). ஆயினும் அவரைத் தள்ளிவிடவில்லை. ஆலயத்துக்கு வேண்டிய மரத்தையும் கல்லையும் பொன்னையும் ஆயத்தம் செய்யும் பணியை அவரிடமே விட்டார். ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் நம் ஆராதனைக்கு வரும் படைவீரரும், படைக்கலம் செய்வோரும் இத்தகைய தாவீதுகளே. அவர்களைத் தீர்ப்பிடுவதும் துதிபாடுவதும் எளிது. அவர்கள் சொல்ல அஞ்சுவதைப் பொறுமையோடு கேட்டு, அவர்களோடு சேர்ந்து சமாதானத்தின் ஆலயத்துக்குக் கல் சுமப்பதே கடினம். அக்கடினமான பணிக்கே நாம் அபிஷேகம் பெற்றிருக்கிறோம்.